பிரசிடெண்டம்மா எடுத்த குறிப்பு

உங்க வீட்டம்மா படம் வரைவாங்களா அண்ணாச்சி? சும்மாதான் கேட்டேன். வரையலேன்னா நல்லது. வரையக் கத்துக்குடுக்கேன்னு எவளாவது பையத் தூக்கிக்கிட்டு வந்தா, ஒரு தம்ளர் மோரக் குடுத்து வாசலோட அனுப்பிருங்க. அனுபவப்பட்டவன் சொல்லுதேன்.

நீங்க சாத்தூர் வரைக்குமா? நானும் சாத்தூர்தான். அக்கா வீட்டுக்கு. அக்கா மகளுக்கு வர்ற ஆவணியில கல்யாணம். நான்தான் தாய்மாமன். தாய்மாமன்னா சந்தோசமாத்தானே போகணும்? என் மூஞ்சியப் பாத்தா அப்படியா தெரியுது? அத்தான் வீட்டுக்குள்ள விடுவாரா மாட்டாரான்னே தெரியல. பொண்ணுக்குப் பட்டு எடுக்கவேண்டியவன் நான். மாலை எடுத்துக் குடுக்கவேண்டியவன் நான். ‘சபையில நீ நிக்கவேண்டாம்’னு அத்தான் சொல்லிட்டாருன்னா அப்புறம் எனக்கு எந்தச் சபை இருக்கு?

எல்லாம் ஒரு தண்ணி டேங்கால வந்தது. இல்ல, டேங்கு பாவம், அது என்ன செய்யும். படத்தால வந்தது.

மொதல்லருந்து சொல்லுதேன். நமக்கு ஊரு ஆலங்கரைப்பட்டி, வெளாத்திகுளம் பக்கம். பஞ்சாயத்துத் தலைவர் பதவிய போன எலெக்சன்ல பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நான் நிக்கவேண்டியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு எடம் புடிச்சாச்சு. அப்புறம் என்ன செய்ய? எம் பொஞ்சாதி சீனியம்மாள நிப்பாட்டுனேன். போஸ்டர்ல அவ படம் சின்னதா, எம் படம் பெருசா. ஜெயிச்சோம். ஜெயிச்சோம்னா நான் ஜெயிச்சேன்.

ஊர்ல என்னை ‘பிரசிடெண்டு’ன்னுதான் கூப்பிடுவாங்க. அவள ‘பிரசிடெண்டு வீட்டம்மா’ன்னுவாங்க. இதுல தப்பு என்ன இருக்கு? ஒன்றிய ஆபீஸ்ல மீட்டிங்குன்னா ரெண்டு பேரும் வண்டியில போவோம். மொதல்ல அவ நாற்காலியில உக்காந்தா, நான் பின்னால நின்னேன். அவளுக்கு அங்க பேசுதது ஒண்ணும் புடிபடல. அப்புறம் நான் உக்காந்தேன், அவ வெளிய வேப்பமரத்தடியில நின்னா. வெயில்லயா நிப்பாட்டுனேன்? நெழல்லதானே. கையெழுத்துன்னா நான் விரல் வச்ச எடத்துல போடுவா. எட்டாப்பு படிச்சவ, எழுத்து முத்து முத்தா இருக்கும், ஆனா மெதுவா வரும். ஒரு சண்ட கிடையாது, சச்சரவு கிடையாது. நாலு வருசம் இப்படி அமைதியா ஓடுச்சு அண்ணாச்சி.

அப்பத்தான் டேங்குக்கு உத்தரவு வந்துச்சு. காலுக்கு மேல நிக்கும்லா, பெரிய டேங்கு. எந்த எடத்துல கட்டணும்னு ஊர்க்காரங்க தீர்மானம் போட்டுக் குடுக்கணும். எங்க ஊர்ல ரோட்டோரம் அத்தானுக்குக் கொஞ்சம் நெலம் கெடக்கு. மனை போட்டு, கல்லு ஊணி, கொடியெல்லாம் கட்டிவிட்டாரு. வாங்க ஆள் வரல. ஈ ஓட்டிக்கிட்டு இருக்காரு. என்னைக் கூப்பிட்டு விட்டாரு. ‘மாப்ள, அந்த டேங்க நம்ம எடத்துப் பக்கம் கொண்டாந்திரு. தண்ணி வந்தா மனை தன்னால போயிரும். கல்யாணத்த ஒரு குறையில்லாம முடிச்சிரலாம்’னாரு. ‘செஞ்சாச்சுன்னு வச்சுக்கோங்க அத்தான்’னு அவர் கையில அடிச்சுக் குடுத்துட்டேன். அக்கா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எங்கம்மா போனப்ப நான் சின்னப்பய. என்னை இடுப்புல வச்சு வளத்தவ அவதான். அவ முன்னால குடுத்த வாக்கு அண்ணாச்சி அது.

ஓடைத்தெருவுக்குத்தான் டேங்கு மொதல்ல வேணும்னு சில பேரு பேசிக்கிட்டாங்க. அந்தத் தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் காட்டுல பம்பு செட்டுக்குப் போய்த்தான் தண்ணி எடுப்பாங்க. கரண்டு இல்லேன்னா கொடத்த வச்சுக்கிட்டுக் காத்துக் கெடப்பாங்க. இருக்கட்டும். அவங்களுக்குப் பழக்கம்தானே? ரோட்டோரம் வச்சாலும் கொழாய் போட்டுக் கொண்டுபோலாம்னு நான் நெனச்சேன்.

இந்தச் சமயத்துல வந்து சேந்தா ஜெசிந்தா. தூத்துக்குடியில ஏதோ தொண்டு நிறுவனத்துல வேலை பாக்குத பிள்ள. ஒட்ட வெட்டுன முடி, தோள்ல ஒரு துணிப்பை, அது நெறைய கலர் பேனா. ஒன்றியத்துல உள்ள பொம்பளைத் தலைவருங்க, வார்டு மெம்பருங்க எல்லாருக்கும் பயிற்சின்னு சொல்லி விட்டாங்க. என்ன பயிற்சி? கூட்டத்துல பேசுததப் படமும் ரெண்டொரு சொல்லுமாக் குறிச்சு வைக்கப் பயிற்சி. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. பேரன் பேத்தி எடுத்த பொம்பளைங்கள உக்கார வச்சுப் பூனை படம் போடச் சொல்லவா கவர்மெண்டு செலவு பண்ணுது?

பொம்பளைங்க முன்னால தரையில உக்காந்தாங்க. நாங்க, வீட்டுக்காரங்க, பின்னால பெஞ்சுல. எல்லாரும் வந்திருந்தோம். தனியா எப்படி அனுப்ப?

அந்தப் பிள்ள போர்டுல வரைஞ்சுக்கிட்டே பேசுச்சு. ‘அக்கா, எழுத்து வேகமா வரலியேன்னு பயப்படாதீங்க. வட்டம், கட்டம், முக்கோணம், கோடு, புள்ளி. இம்புட்டுத்தான். வட்டத்துக்குக் கீழ பானையக் கவுத்தின மாதிரி ஒரு வளைவு போட்டா மனுசன். கட்டத்து மேல முக்கோணத்த வச்சா வீடு. யார் யாருக்குச் சொன்னாங்கன்னு காட்ட ஒரு அம்பு. படத்துக்குக் கீழ ரெண்டே சொல்லு. அவங்க பேசுதது பூரா வேண்டாம். பருத்தி எடுக்கப் போனா என்ன செய்வீங்க? செடியவா புடுங்கிட்டு வருவீங்க? வெடிச்ச பஞ்ச மட்டும்தானே எடுப்பீங்க? அதுமாதிரி எடுங்க’ன்னுச்சு.

சரி, இப்பப் பயிற்சி, நான் ஒரு சேதி சொல்லுதேன், போடுங்கன்னு அது பேச ஆரம்பிச்சா, நம்ம பொம்பளைங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? மேல பிள்ளையார் சுழி போட்டாங்க. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஸ்கேல் வாங்கி மார்ஜின் கோடு போட்டாங்க. தேதி எழுதி அதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டாங்க. நிமிந்து பாத்தா அந்தப் பிள்ள சொல்லி முடிச்சிருச்சு. ‘டீச்சர், ரப்பர் இருக்கா?’ன்னு ஒருத்தி கேக்கா. நாங்க பின்னால விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அது கோபப்படவே இல்ல. ‘பிள்ளையார் சுழி வீட்டுலயே போட்டுட்டு வந்திருங்க. ரப்பர் கிடையாது. தப்பாப் போனா அது மேலயே போடுங்க. காது மொதல்ல, கை அப்புறம்’னுச்சு. ரெண்டாவது தடவ கொஞ்சம் தேறுனாங்க. மூணாவது தடவ ஒவ்வொருத்தியா எந்திரிச்சு, போட்ட படத்தப் பாத்து, கேட்டதத் திருப்பிச் சொன்னாங்க. ‘சொல்லிட்டு, சரியா இருக்கான்னு பேசுனவங்களக் கேளுங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் அது குறிப்பு’ன்னு ஒரு சட்டம் வேற போட்டுச்சு.

மத்தியானம் ஓவர்சியர் வந்து டேங்கப் பத்திப் பேசுனாரு. அதக் குறிக்கணும். நான் எட்டிப் பாத்தா, சீனி டேங்கு போட்டிருக்கா, தம்ளர் மாதிரி இருக்கு. மனசு கேக்கல. நான் யாரு? ஒரு காலத்துல எலெக்சனுக்கு எலெக்சன் சுவர்ல சின்னம் வரைஞ்சவன். என் கையால வரைஞ்ச காளைமாட்டப் பாத்து நெச மாடு கத்தியிருக்கு. பென்சில வாங்கி, ‘ஏட்டி, இப்படிப் போடணும்’னு நாலு கால் வச்சு, ஏணி வச்சு, ஒரு பக்கம் நெழல் தட்டி, தத்ரூபமாப் போட்டுக் குடுத்தேன்.

ஜெசிந்தா வந்து பாத்தா. ‘ரொம்ப அழகா இருக்குண்ணே. நீங்க நெழல் தட்டிக்கிட்டு இருந்தப்ப சார் என்ன சொன்னாரு?’

‘டேங்கப் பத்தித்தான் சொன்னாரு.’

‘டேங்கப் பத்தி என்ன சொன்னாரு?’

நான் போட்ட படத்தயே பாத்தேன். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. சீனியும் சிரிச்சா. பல்லு தெரியச் சிரிச்சா. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல அவ எனக்கு முன்னால அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆகிப்போச்சு. ஓவர்சியரத் திரும்பச் சொல்லச் சொல்லி, அவ அந்தத் தம்ளர் படத்தயே மறுபடியும் போட்டா.

டீ குடிக்கீங்களா அண்ணாச்சி? பஸ்ஸு இங்க நிக்கும். வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம்.

அன்னைக்குப் புடிச்சது சீனிக்கு இந்தப் படப் பைத்தியம். காலண்டர்ல கிழிச்ச தாள ஒண்ணு விடமாட்டா. அடுப்புல சோறு கொதிக்கும், ரேடியோவுல செய்தி ஓடும், இவ காலண்டர் தாளுக்குப் பின்னால வட்டமும் அம்புமாப் போட்டுக்கிட்டு இருப்பா. மீன்காரி வந்து மகன் வீட்டுக் கதையச் சொன்னா அதையும் போட்டு, திருப்பிச் சொல்லி, ‘சரியாக்கா?’ன்னு கேப்பா. மீன்காரிக்கு ஒரே சந்தோசம். அரைக் கிலோவுக்கு மேல ரெண்டு மீன எடுத்துப் போட்டுட்டுப் போவா.

நானும் ஒரு நாள் சொன்னேன். ‘ஏட்டி, ஊர்ல உள்ளவங்க பேசுததெல்லாம் குறிக்க. நான் பேசுததயும் குறிச்சுக்கிட்டா என்ன?’ அதுக்கு அவ, ‘நீங்க பேசுதது எனக்கு மனப்பாடமாவே இருக்குங்க’ன்னுட்டா. பெருமையா இருந்துச்சு அண்ணாச்சி. ஊர்ல எந்தப் பொஞ்சாதி புருசன் பேச்ச மனப்பாடம் பண்ணுதா சொல்லுங்க.

அடுத்த மீட்டிங்குக்கு வேப்பமரத்தடியில நிக்கமாட்டேன்னுட்டா. உள்ள வந்து என் பக்கத்துல ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டா. சரி, எழுதிட்டுப் போறா, நான் பேசிக்கிடுதேன்னு விட்டுட்டேன். ஆனா ஓவர்சியர் பேசும்போது கைய ஒசத்தி, ‘சார், அதத் திரும்பச் சொல்லுங்க’ன்னா பாருங்க. அவரும் சொன்னாரு. சொல்லும்போது என்னைப் பாக்கல, அவ நோட்டத்தான் பாத்தாரு.

பங்குனியில அவளுக்கு நல்ல காய்ச்சல். எந்திரிக்க முடியல. அன்னைக்குப் பாத்து டேங்கு விசயமா மீட்டிங்கு. ‘நான் பாத்துக்கிடுதேன், நோட்டக் குடு’ன்னேன். ‘நோட்டு உங்களுக்கு வெளங்காதுங்க, கொஞ்சம் உக்காருங்க, சொல்லுதேன்’னா. படம்தானே, பச்சப்பிள்ளைக்குக் கூட வெளங்குமேன்னு வண்டிய எடுத்துட்டேன்.

ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. என்னைப் பாத்து, ‘போன கூட்டத்துல ஓவர்சியர் எடத்தப் பத்திச் சொன்னத உங்க பிரசிடெண்டு குறிச்சுக்கிட்டாங்கள்ல? ஊரோட கருத்து என்ன?’ன்னாரு. நோட்டத் தொறந்தேன். ஒரு முக்கோணம். அதுக்கு மேல அந்தப் பாழாப்போன தம்ளர். அதுலருந்து ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது. முனையில கொடம் மாதிரி மூணு வட்டம். ஓரத்துல ஒரு மூஞ்சி, அதுக்கு மீசை. ஓவர்சியருக்கும் மீசை, எனக்கும் மீசை, பி.டி.ஓ.வுக்கும் மீசை. இன்னொரு பக்கத்துல ஒரு கிண்ணம், அது மேல பெருக்கல் குறி. எதையாவது சொல்லணுமே. ‘ரோட்டோரம்தான் தோதுன்னு ஓவர்சியர் சார் சொன்னாரு. எங்களுக்கும் அதான் சம்மதம்’னு போட்டேன் ஒரு போடு.

‘நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்?’ன்னாரு ஓவர்சியர்.

பி.டி.ஓ. என் போன வாங்கி சீனிக்கு அடிச்சு, எல்லாருக்கும் கேக்குத மாதிரி மேசையில வச்சுட்டாரு. அவ இருமிக்கிட்டே சொல்லுதா: ‘பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மேட்டுல கட்டுனா தண்ணி தன்னால எறங்கி ஓடைத்தெருக் கடைசி வீடு வரைக்கும் போயிரும் சார். ரோட்டோரம் பள்ளம். அங்க கட்டுனா மேடேத்த இன்னொரு மோட்டார் வைக்கணும். கரண்டு போனா தண்ணியும் போயிரும். ஓவர்சியர் சார் இதத்தான் சொன்னாங்க. சரியா சார்?’

‘சரிதான்மா’ன்னாரு ஓவர்சியர். ‘நோட்டு இங்கல்ல இருக்கு, நீங்க எப்படிச் சொல்லுதீங்க?’

‘போட்டது மனசுலயே நிக்கும் சார்.’

கூட்டம் பூரா என்னையவே பாக்காங்க. மத்த ஊர்ப் பிரசிடெண்டு வீட்டுக்காரங்க, என்கூட பெஞ்சுல உக்காந்து சிரிச்சவங்க, அவங்களும் பாக்காங்க. ‘கிராம சபையில வச்சு ஊர்க்காரங்களயே முடிவு பண்ணச் சொல்லுங்க’ன்னு பி.டி.ஓ. எந்திரிச்சுட்டாரு.

வீட்டுக்கு வந்து நோட்டக் கட்டில்ல எறிஞ்சேன். அவ அதப் பத்தி ஒரு சொல்லு கேக்கல. ‘மாத்திரை வாங்கிட்டு வந்தீங்களா?’ன்னா. போகும்போதே சொன்னாளாம். எப்பச் சொன்னா? வண்டிச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? நீங்களே சொல்லுங்க... இருங்க அண்ணாச்சி, முடிச்சிருதேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

கிராம சபை மே ஒண்ணாந்தேதி. நான் பயப்படல. ஊரு நம்ம ஊரு, சனம் நம்ம சனம். எவனுக்கு ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்தேன், எவன் வீட்டுக் கொழாய்க்குச் சண்ட போட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். மொத நா சாயங்காலமே அத்தானுக்கு போன் போட்டு, ‘நாளைக்கு முடிஞ்சிரும் அத்தான், நீங்க பத்திரிகை அடிக்கக் குடுங்க’ன்னேன். அக்கா போன வாங்கி, ‘எந்தம்பி சொன்னாச் செஞ்சிருவான்’னா.

பள்ளிக்கூடத்து முத்தத்துல பந்தல். சீனி சுவர்ல ஒரு பெரிய சார்ட்டு ஒட்டி வச்சிருந்தா. மேடு ஒரு முக்கோணம், ரோடு ரெட்டைக் கோடு, ஓடைத்தெரு வரிசையாக் கட்டம் கட்டமா. மொத வரிசையில ஜெசிந்தா உக்காந்திருக்கா. ‘டேங்கு எங்க வரணும்னு யார் வேணாலும் சொல்லுங்க. சொல்லுதவங்க பேரு, வார்டு, சொன்ன சேதி எல்லாத்தையும் நான் இங்க போடுதேன். அத அப்படியே கிளார்க்கு தீர்மான நோட்டுல ஏத்துவாரு’ன்னா. மைக்கப் புடிச்சு அவ பேசி அன்னைக்குத்தான் ஊரு கேட்டுச்சு.

ஓடைத்தெரு இசக்கியம்மா எந்திரிச்சா. அவ வாழ்நாள்ல சபையில வாயத் தொறந்தவ கிடையாது. ‘ரெண்டாவது பிரசவத்துக்கு மொத நா வரைக்கும் நான் பம்பு செட்டுல தண்ணி எடுத்தேன். என் மருமகளாவது வாசல்ல எடுக்கட்டும்’னா. சீனி ஒரு வட்டம் போட்டு, கொண்டை வச்சு, கீழ இசக்கியம்மான்னு எழுதி, பக்கத்துல கொடமும் வாசலும் போட்டா. திருப்பிச் சொல்லி, ‘சரியா மதினி?’ன்னு கேட்டா. இசக்கியம்மா தலைய ஆட்டிட்டு உக்காந்து முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. அதப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா எந்திரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. தான் சொன்னது சுவர்ல ஏறுதுன்னா சும்மா இருப்பாங்களா? பேசத் தெரியாததெல்லாம் பேசுது. நேரம் போய்க்கிட்டே இருக்கு, எல்லாம் மேடு மேடுங்குது.

கடைசியில நான் எந்திரிச்சேன். நல்லாப் பேசுனேன் அண்ணாச்சி. ஊருக்காக ஒழைச்சது, ரோடு வந்தது, லைட்டு வந்தது எல்லாம் சொன்னேன். ‘டேங்கு ரோட்டோரம் வரட்டும். லாரி வந்து போகத் தோது. பாக்குதவனுக்கும் ஊரு அழகாத் தெரியும். நம்ம சொந்தக்காரங்க மனை போட்டிருக்காங்க, அதுக்கும் ஒரு மதிப்பு வரும்’னேன். பேச்சு வேகத்துல கடைசிச் சேதியும் வந்துருச்சு. வந்தா என்ன? அவதானே குறிக்கா, வீட்டு ஆளு, எத விடணும்னு தெரியாதா?

அவ ஒரு வட்டம் போட்டா. மீசை வச்சா. கீழ பேரு எழுதணும். அப்படியே நின்னுட்டா.

எங்க பக்கத்துல பொம்பளைங்க புருசன் பேரச் சொல்லமாட்டாங்க. தெரியும்லா? சீனி இன்னைய வரைக்கும் எம் பேர வாயால சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில சீட்டுக் குடுக்கயில கேட்டாக்கூட, பக்கத்துல நிக்குத பிள்ளையச் சொல்லச் சொல்லுவா. ‘அவுக’தான், ‘இங்கருங்க’தான். பேரு சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு அவ அம்மா சொல்லி வளத்தது. கூட்டத்துல சிரிப்பு கெளம்புச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சரி, மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன். கிளார்க்கு சொல்லுதாரு, ‘அம்மா, பேரு இல்லாம தீர்மானத்துல ஏத்த முடியாதும்மா. வேணும்னா விட்டுருவோம்.’

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. கோபமாப் பாக்கல. எப்படிச் சொல்ல, கெணத்துல எறங்கும்போது மேல நிக்குதவங்களப் பாப்பாங்கள்ல, அப்படிப் பாத்தா. சார்ட்டுப் பக்கம் திரும்புனா. எழுதிட்டா. எழுதிட்டு மைக்குல சொன்னா.

‘மூணாம் வார்டு, கொம்பையா.’

சிரிச்சவங்க எல்லாம் அவளப் பாத்தாங்க. ‘கொம்பையா சொன்னது. டேங்கு ரோட்டோரம் வரணும். லாரி வரத் தோது. பாக்க அழகு. சொந்தக்காரங்க மனைக்கு மதிப்பு வரும். சரியா?’

ஒரு சொல்லு கூட்டல, ஒரு சொல்லு கொறைக்கல. நான் என்ன சொல்ல முடியும்? ‘சரி’ன்னேன். அம்புட்டுப் பேர் முன்னாலயும் எம் பொஞ்சாதிக்கு நான் ‘சரி’ன்னு பதில் சொன்னேன்.

கை தூக்கச் சொன்னாங்க. மேட்டுக்குத் தூக்குன கைய எண்ண முடியல. ரோட்டோரத்துக்கு நான் தூக்குனேன். எங்க சித்தப்பா மகன் பாதி தூக்குனான், பின்னால திரும்பி அவன் பொஞ்சாதியப் பாத்தான், அப்படியே தலையச் சொறிஞ்சுக்கிட்டான். அத்தானுக்குக் குடுத்த வாக்கு அந்த எடத்துல போச்சு. அவரு அன்னைக்கே போன் போட்டாரு. ‘உம் பேச்சு உன் வீட்டுலயே எடுபடல. நீ என் மகளுக்கு மாலை எடுத்துக் குடுக்கவா?’ன்னு வச்சுட்டாரு. பின்னால அக்கா அழுத சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவ என் போன எடுக்கல.

வீட்டுல சீனிகிட்ட கேட்டேன். டேங்கப் பத்திக் கேக்கல. அது போச்சு. ‘சபையில எம் பேர எப்படிட்டி சொன்ன?’ன்னுதான் கேட்டேன். அவ சோறு போட்டுக்கிட்டே சொல்லுதா: ‘பேரு இல்லாட்டி நீங்க சொன்னத ஏத்த முடியாதுன்னாருல்லா. எல்லாரும் சொன்னது ஏறிருக்கு. உங்க பேச்சு மட்டும் விட்டுப்போயிருமேன்னு மனசு கேக்கலங்க.’ சொல்லிட்டு ரசத்த ஊத்துனா.

கண்டக்டர் சாத்தூர்னுட்டாரு, கேட்டுச்சா? நான் எறங்கணும். அத்தான்கிட்ட என்ன சொல்லன்னு தெரியல. ஆபீசருங்க ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிப் பாக்கலாம்னு இருந்தேன். முடியாது. அவரு ஆள விட்டுத் தீர்மான நோட்டு நகல வாங்கிட்டாராம்.

நேத்து நானும் ஆபீஸ்ல அதப் புரட்டிப் பாத்தேன் அண்ணாச்சி. நாலு வருசத் தீர்மானமும் அதுல இருக்கு. நான் கொண்டுவந்த ரோடு, நான் போட்ட லைட்டு, நான் தூத்துன பள்ளம். எல்லாத்துக்கும் கீழ சீனியம்மாள், தலைவர்னு இருக்கு. எம் பேரு ஒரு எடத்துல கூடக் கிடையாது. தேடித் தேடிப் பாத்தேன். எம் பேரு இருக்கது அந்த ஒரு பக்கத்துலதான். ‘கொம்பையா, மூணாம் வார்டு. ரோட்டோரம் கேட்டார். ஆதரவு ஒன்று.’

அதையும் அவதான் ஏத்துனா.